டிப்போ ஊசியும் நட்டஈட்டு வழக்கும்: யாழ்ப்பாணத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி ஒருவரின் கந்தோரில் பதினாறு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். காணி உறுதி, பிறப்புப் பதிவுத் திருத்தம், அற்றோணி என்று வருகிற பெண்கள், கூட வந்த ஆம்பிளைகள் போட்டோக்கொப்பி எடுக்கப் போன இடைவெளியில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்பது கொஞ்சக் காலமாக ஒரே விஷயம்: டிப்போ ஊசி. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துத்தான் இதை எழுதினேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை, டொக்டரும் இல்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு நாலு வருடம் இதே ஊசியைப் போட்டவள்.

"டிப்போ ஊசிக்கு அமெரிக்காவிலை வழக்காம் எண்டு கதைக்கினம். என்ன வழக்கு அது?"

மூன்று மாதத்துக்கு ஒருக்கா போடுகிற கருத்தடை ஊசியைத்தான் இங்கே டிப்போ என்கிறோம். டிப்போ-புரோவேரா என்பது பைசர் கம்பனியின் வியாபாரப் பெயர். உள்ளே இருப்பது மெட்ரொக்சிபுரோஜெஸ்தரோன் அசிற்றேற் என்ற ஹோர்மோன் மருந்து, ஒரு ஊசியில் 150 மில்லிகிராம். அமெரிக்காவில் 1992இல் இதைக் கருத்தடைக்கு அனுமதித்தார்கள். நீண்டகாலம் போட்டதால் மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வந்தது, அப்படி வரலாம் என்று கம்பனி எங்களுக்குச் சொல்லவில்லை என்பது வழக்குப் போட்ட பெண்களின் முறைப்பாடு. நாடெங்கும் போட்ட இப்படியான வழக்குகளை 2025 பெப்ரவரியில் புளோரிடாவின் வடக்கு மாவட்ட சமஷ்டி நீதிமன்றத்தில் நீதிபதி கேசி ரொஜர்ஸ் முன்னால் ஓரிடப்படுத்தினார்கள்.

ஓரிடப்படுத்தினது என்றால் எல்லாருக்குமாக ஒரே வழக்கு என்று நினைக்க வேண்டாம். பத்திரங்கள் திரட்டுவது, நிபுணர் சாட்சிகளைத் தரம் பார்ப்பது போன்ற பொது வேலைகள் ஒரே மேசையில் நடக்கும். வழக்கு அவளவளுக்குத் தனித்தனி. கம்பனியின் முக்கிய எதிர்வாதம்: எச்சரிக்கையைச் சேர்க்க நாங்கள் கேட்டோம், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மறுத்துவிட்டது, பிறகு எங்களில் என்ன பிழை? பெண்களின் பக்கம் அதற்குச் சொல்வது, கனடாவில் இதே மருந்தோடு கொடுத்த துண்டில் மெனிஞ்சியோமா என்ற சொல் எப்போதோ ஏறியிருந்ததே என்று.

"அப்ப எனக்கும் மூளையிலை கட்டி வருமோ அக்கா?"

பெரும்பாலும் வராது. இந்தப் பயத்துக்கெல்லாம் ஊற்று 2024 மார்ச்சில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த பிரெஞ்சு ஆய்வு. மெனிஞ்சியோமாவுக்குச் சத்திரசிகிச்சை செய்த 18,061 பெண்களை எடுத்தார்கள். அவர்களில் இந்த ஊசி போட்டவர்கள் 9 பேர். ஒப்பிட எடுத்த, கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்யாத 90,305 பேரில் போட்டவர்கள் 11 பேர். ஆய்வுக்காரர் போட்ட கணக்கில் ஆபத்து சுமார் ஐந்தரை மடங்கு. பத்திரிகைகள் தூக்கிப் பிடித்தது அந்த மடங்கைத்தான். 9 என்ற எண்ணை ஒருவரும் தலைப்பில் போடவில்லை. எண்ணிக்கை சின்னன் என்பதால், உண்மையான மடங்கு 2.27 முதல் 13.56 வரை எங்கேயும் இருக்கலாம் என்று ஆய்வுக்காரரே எழுதியிருக்கிறார்கள். அரிதான ஒரு நோய் ஐந்து மடங்கானாலும் அரிதாகவேதான் இருக்கும்.

ஆனபடியால் இது வெறும் வதந்தி என்றும் சொல்ல வரவில்லை. மெனிஞ்சியோமாக் கட்டிகள் பலவற்றில் புரோஜெஸ்தரோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது கூட வருவதும் நெடுநாளாகத் தெரிந்ததே. ஐரோப்பிய மருந்து முகமை 2024 செப்டெம்பரில் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது. பிரித்தானியாவில் அடுத்த மாதம் டொக்டர்மாருக்குக் கடிதம் போனது. கட்டி இருக்கிறவர்களுக்கும் முன்பு இருந்தவர்களுக்கும் இந்த ஊசி போடக்கூடாது என்பது அதன் சாரம்.

"நான் ரெண்டு தரம் மட்டும்தான் போட்டனான்."

அப்படியென்றால் மற்றக் கேள்விகளை வாசிக்காமலே விடலாம். ஆபத்தைக் கண்டது ஒரு வருடமோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டவர்களில்தான்.

"எனக்கு அடிக்கடி தலையிடி. ஸ்கான் எடுக்கவோ?"

தலையிடிக்கு இந்த ஊரில் வெயிலே போதும். நாள் போகப் போகக் கூடுகிற தலையிடி, பார்வை மங்கல் அல்லது இரட்டையாகத் தெரிதல், ஒரு பக்கக் காது மந்தம், மணம் பிடிபடாமல் போதல், புதிதாக வலிப்பு என்றால் சுணங்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். போய், "இத்தனை வருடம் டிப்போ போட்டனான்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நாற்பத்தைந்து வயதுக்காரி கருத்தடை ஊசி பற்றி எப்படிக் கதைப்பது என்று வெட்கப்பட்டு அதை மட்டும் விழுங்கிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோயல்ல, மெதுவாக வளர்வது. ஆனால் இடம் பார்த்துக் கண் நரம்பை அமத்தினால் சும்மா விடாது.

"அப்ப அடுத்த ஊசிக்குப் போகாமல் விடட்டோ?"

கிளினிக்குக்குப் போங்கள், போய் வேறு முறைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். லூப் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. அந்தப் பிரெஞ்சு ஆய்வில் லெவோநோர்ஜெஸ்ட்ரல் உள்ள கருப்பை லூப்புக்கு ஆபத்துக் கூடவில்லை. கையில் வைக்கிற ஜடேல் குச்சி இந்த வழக்கில் இல்லை. பயந்து ஊசியை விட்டுவிட்டு ஒன்றும் பாவிக்காமல் இருந்து, பிறகு பிள்ளை தங்கிவிட்டது என்று அழுதுகொண்டு வந்தவளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

"எலும்பு தேயுமாம், உடம்பு வைக்குமாம், ஊசியை விட்டும் பிள்ளை தங்கச் சுணங்குமாம். அதுக்கும் காசு கேக்கலாமோ?"

இவை உண்மையான பக்கவிளைவுகள்தான், ஆனால் வழக்குக்கு நோஞ்சல். காரணம், இவை ஒளிக்கப்பட்டவை அல்ல. எலும்பு அடர்த்தி குறைவது பற்றி 2004இலேயே அமெரிக்காவில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தார்கள். வேறு வழி இருந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் போட வேண்டாம் என்று அதில் இருக்கிறது. கடைசி ஊசிக்குப் பிறகு பிள்ளை தங்க நடுத்தரமாகப் பத்து மாதம் எடுக்கும் என்பதும் துண்டில் உள்ளதே. "சொல்லவில்லை" என்பதுதான் இந்த வழக்குகளின் உயிர். எழுத்தில் சொன்னதற்குக் கம்பனியைப் பிடிப்பது கஷ்டம். அந்தத் துண்டை உங்களுக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை என்றால் அது வேறு முறைப்பாடு, கீழே வருகிறது.

"எனக்குக் கட்டி எண்டு கண்டுபிடிச்சாச்சு. அமெரிக்க வழக்கிலை நானும் சேரலாமோ?"

சுருக்கமாகச் சொன்னால், இங்கே ஊசி போட்டு இங்கே வைத்தியம் பார்த்தவளுக்கு அந்தக் கதவு கிட்டத்தட்டப் பூட்டு. சட்டத்தில் அமெரிக்கப் பிரஜைதான் வழக்குப் போடலாம் என்று இல்லை. ஆனால் சாட்சி, வைத்தியர், பத்திரம் எல்லாம் வேறு நாட்டில் இருந்தால், "இதற்குப் பொருத்தமான மன்று அங்கேதான்" என்று அமெரிக்க நீதிபதி தள்ளிவிடலாம். போபால் நச்சுவாயு வழக்கு ஞாபகம் இருக்கும். 1984இல் அத்தனை ஆயிரம் பேர் செத்தும், கம்பனி அமெரிக்கக் கம்பனியாக இருந்தும், 1986இல் நியூயோர்க் நீதிமன்றம் அதை இந்தியாவுக்குத்தான் திருப்பிவிட்டது. சாவகச்சேரியில் போட்ட ஊசிக்கு வேறு முடிவு வரும் என்று எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு சிக்கல், உங்களுக்குப் போட்டது யாருடைய ஊசி? அரசாங்கக் கிளினிக்கில் போட்டது அதே மருந்துதான், ஆனால் வேறு கம்பனி செய்ததாகவும் இருக்கலாம். "டிப்போ" என்பது நம்மூரில் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்டது, பிரதி எடுக்கிற மெசினை எல்லாரும் ரோணியோ என்ற காலம் மாதிரி. செய்த கம்பனி எது என்று காட்ட முடியாவிட்டால் எதிராளியே இல்லை.

"வட்ஸ்அப்பிலை ஒராள் பாரம் அனுப்பினவர். 18,500 ரூபா கட்டினால் பேர் பதியலாமாம்."

கட்ட வேண்டாம். அந்தப் பாரத்தைப் பார்த்தேன். கடவுச்சீட்டு இலக்கம், வங்கிக் கணக்கு, தாயின் கன்னிப்பெயர் எல்லாம் கேட்டிருக்கிறது. எத்தனை ஊசி போட்டீர்கள், கட்டி இருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. பைசர் என்ற பெயரையே பிழையாக எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் இப்படியான வழக்கு எடுக்கும் சட்டத்தரணிகள் முன்காசு வாங்குவதில்லை, வென்றால் விழுக்காடு எடுப்பார்கள். பதிவுக் கட்டணம் என்று ஒருவர் கேட்டாலே அவர் வழக்குக்காரர் இல்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள். "ஆளுக்கு இவ்வளவு டொலர் வரும்" என்பதும் இதே வகைக் கதை. வழக்கு தனித்தனி என்று முதலிலேயே சொன்னேன், ஆளுக்கொரு பங்கு என்று பிரிக்க அங்கே பொதுப் பானை இல்லை.

"சரி, இஞ்சை யாழ்ப்பாணக் கோட்டிலை போடேலாதோ?"

போடலாம். வெல்வதுதான் பாடு. இங்கே நடப்பது ரோமன் டச்சுச் சட்டம். கவனக்குறைவால் உடம்புக்குத் தீங்கு வந்தது என்று மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கலாம். அரச ஊழியரின் பிழைக்கு அரசே பொறுப்பு என்று 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அப்படி அரசை இழுப்பதானால் முதலில் சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். கிளினிக்கில் ஊசி இலவசம் என்பதால் பொருள் வாங்கியவர் என்ற உரிமையைப் பிடித்து நிற்பது கஷ்டம். நீங்கள் ஒன்றும் வாங்கவில்லையே.

பாடு என்றது காரணத்தை நிறுவுவதை. பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன என்ற வழக்கைச் சட்டத்தரணிமார் எல்லாரும் சொல்வார்கள். மூளையில் கட்டி வந்து இறந்த ஒரு குழந்தையின் தகப்பன் போட்டது. மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் ரூபா தீர்த்தது, மேன்முறையீட்டில் தொகை குறைந்தது, 2001இல் உயர் நீதிமன்றத்தில் ஒன்றுமே இல்லாமல் போனது. வைத்தியரின் கவனக்குறைவால்தான் மரணம் என்ற தொடர்பு நிறுவப்படவில்லை என்பது காரணம். டிப்போ போடாத பெண்களுக்கும் இதே கட்டி வருகிறது. உங்களுடையது ஊசியால் வந்தது என்று சொல்ல ஒரு நிபுணர் கூண்டில் ஏற வேண்டும்.

எப்போது போட்டது என்பதும் பெரிய விஷயம். 2010இல் ஊசி போட்ட மருத்துவமாதுவை, 2024இல் வந்த ஆய்வை ஏன் சொல்லவில்லை என்று கேட்க முடியாது. எச்சரிக்கைகள் வந்த பிறகும் ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் வருடக்கணக்காகப் போட்டிருந்தால் கேள்வி வேறு. என் கணிப்பில், இங்கே எப்போதாவது ஒரு நல்ல வழக்கு வந்தால் அது இந்த இரண்டாவது வகையிலிருந்துதான் வரும்.

"எவ்வளவு காலத்துக்குள்ளை போடவேணும்?"

இரண்டு வருடம். காணிச் சண்டையில் "பத்து வருச ஆட்சி" என்று சொல்கிறோமே, அது வருகிற அதே 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தில்தான் இதுவும் இருக்கிறது. காணிக்குப் பத்து, உடம்புக்கு இரண்டு. யாழ்ப்பாணத்தாருக்கு முதலாவது மனப்பாடம், இரண்டாவதைக் கேள்விப்பட்டவரே குறைவு.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதுதான் வில்லங்கம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து என்று சட்டம் சொல்கிறது. ஊசி போட்ட நாள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். தீங்கு வெளிப்பட்ட நாள் என்று உங்கள் தரப்பு சொல்லும். அதை நீதிமன்றத்தில் அடிபட விட்டுவிட்டு, ஸ்கான் அறிக்கையில் உள்ள திகதியைக் கலண்டரில் எழுதி, அதிலிருந்து இருபத்தியிரண்டாவது மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டமா அதிபருக்கான ஒரு மாதம் அதற்குள் அடங்க வேண்டும். நிரந்தரமாகச் சட்டத்தரணி பிடிக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முதலில் கதைக்கலாம்.

"எனக்கு ஒண்டும் கேக்காமல்தான் ஊசி போட்டவை. பிள்ளை பெத்த கையோடை."

இதைக் கேட்ட பெண் வன்னியில் இருந்தவர். இது கட்டி பற்றிய கதை இல்லை, சம்மதம் பற்றியது. கட்டி வராவிட்டாலும் இது பிழை. 2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்து வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஊர்ப் பெண்களைப் பிள்ளைகளின் போஷாக்குப் பரிசோதனை என்று கூப்பிட்டுக் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

அரச ஊழியர் அடிப்படை உரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்கு நேரே மனுச் செய்யலாம். ஆனால் தவணை ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் எண்ணிக்கையில் சேராது. அதற்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் உண்டு, கொழும்பு பஸ் ஏறத் தேவையில்லை. பத்து வருடத்துக்கு முந்தியது என்றால் இந்த வழி சரிவராது. அந்தப் பெண்ணுக்கு அதைச் சொன்னபோது, "அப்ப எனக்குப் பால் குடுக்கவே நேரமில்லை, மனு எங்க போடுறது" என்று சிரித்தார்.

"கிளினிக் கார்ட் துலைஞ்சு போச்சு."

இதுதான் எல்லாரையும் விழுத்துகிற இடம். வழக்கு எங்கே போட்டாலும், இங்கேயோ கனடாவிலோ, முதல் கேட்பது எப்போதிலிருந்து எப்போது வரை, எத்தனை ஊசி என்பதுதான். போன மாதம் ஒருவர் தன் கார்டைக் காட்டினார். தங்கச்சியின் சாமத்திய வீட்டு அல்பத்துக்குள் வைத்திருந்தது. ஈரம் பட்டு ஊதா மை கரைந்து பரவியிருந்தது. ஆனாலும் பதினேழு திகதிகளில் பதின்நாலை வாசிக்கலாம். அந்தக் கந்தல் மட்டை ஒரு சட்டத்தரணியின் ஒரு மணிநேர வாதத்தைவிடப் பெறுமதி. போட்டோ எடுத்து, கொப்பி அடித்து, சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்தி வைக்கச் சொல்லி அனுப்பினேன்.

கார்ட் இல்லாவிட்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உள்ள பதிவைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுத் தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதித் தகவல் அலுவலருக்குக் கொடுங்கள். பெயர், பிறந்த திகதி, எந்தக் கிளினிக், ஏறத்தாழ எந்த வருடம், கூடவே ஊசியின் கம்பனிப் பெயரும் தொகுதி இலக்கமும் வேண்டும் என்று எழுதுங்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். 2009க்கு முந்திய வன்னிப் பதிவுகள் என்றால் பெரும்பாலும் பணிமனைகளோடு சேர்ந்தே போய்விட்டன. அப்போது ஊசி போட்ட மருத்துவமாது, கூடப் போன மாமி, இப்படித் தெரிந்தவர்களிடம் சத்தியக்கடதாசி வாங்குவதுதான் மிச்ச வழி.

"அக்கா இஞ்சை ஆறு வருசம் போட்டவ, இப்ப ஸ்காபரோவிலை. அங்கைதான் கட்டி எண்டு சொன்னவை. அவ எங்கை போடுறது?"

இது உண்மையிலேயே சிக்கலான கேள்வி. ஒன்ராறியோவில் வழக்குத் தவணை, தெரியவந்த நாளிலிருந்து இரண்டு வருடம். இங்கிலாந்தில் மூன்று வருடம். ஆனால் தவணை ஒன்று, எந்த நாட்டுச் சட்டத்தைப் பிரயோகிப்பது என்பது இன்னொன்று. தீங்கு நடந்த இடத்துச் சட்டம்தான் பொருந்தும் என்பது கனடாவில் பொது விதி. ஊசி ஏறினது யாழ்ப்பாணத்தில், கட்டி தெரிந்தது ரொறன்ரோவில். இரண்டு பக்கமும் வாதிக்க இடம் இருக்கிறது. அக்கா அங்கே போன பிறகும் ஊசியைத் தொடர்ந்திருந்தால் கதை மிகவும் நல்லாக மாறும், அங்கே போட்டதற்கு அங்கேயே பதிவு இருக்கும். அவ அங்குள்ள சட்டத்தரணியைப் பார்க்கட்டும். இங்கிருந்து நீங்கள் செய்யக்கூடியது மேலே சொன்ன கடிதத்தைப் பணிமனைக்குக் கொடுப்பது. அதற்கு அக்காவின் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமோ அற்றோணியோ வேண்டும்.

"அம்மா ஒப்பரேசனுக்குப் பிறகு செத்துப்போனா. பிள்ளையள் நாங்கள் கேக்கலாமோ?"

முன்பு இந்த நாட்டில் ஒருவர் இறந்தால் அவருடைய உழைப்பில் தங்கியிருந்தவர் இழந்த வருமானத்தைத்தான் கேட்கலாம். வீட்டில் இருந்த அம்மாவுக்குச் சட்டத்தின் கணக்கில் விலையே இல்லை. மேலே சொன்ன குழந்தையின் வழக்கிலும் இந்தக் குறை பெரிதாகத் தெரிந்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்கும் கேட்கலாம். காரணத்தை நிறுவும் பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

"இவருக்குத் தெரியாமல் போட்டனான். வழக்கெண்டால் தெரிய வந்திடுமோ?"

தெரியவரும். நீதிமன்றம் பொதுவெளி. குடும்ப விவகாரம் என்று மூடிய மன்றில் எடுக்கும்படி கேட்கலாம், ஆனால் தருவது நீதிபதியின் விருப்பம். கடிதம், அறிவித்தல் ஏதாவது வீட்டு விலாசத்துக்கும் வரலாம்.

பதிவு எடுத்து வைப்பதற்கு மட்டும் ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை. பதிலைத் தபாலில் போட வேண்டாம், நேரில் வந்து எடுக்கிறேன் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதலாம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் அப்படித்தான் எழுதினார். திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற வெள்ளிக்கிழமை போய் எடுத்து, கறிவேப்பிலைக்கு அடியில் பையில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் கந்தோரில் தந்தார். அது இப்போது என் லாச்சியில் இருக்கிறது.